பதில் வரவில்லை என்றால் பணம் போகவில்லை என்று பொருளல்ல

ஒரு மாதக்கடைசி மாலையில், நான் எழுதிய நிரல் நானூறுக்கும் மேற்பட்ட கணக்குகளுக்கு ஏற்கெனவே அனுப்பிய தொகையை இரண்டாம் முறையும் அனுப்பத் தயாராக நின்றது. அதைத் தடுத்தது மென்பொருள் அல்ல. செயல்பாட்டுப் பிரிவின் மூத்த அலுவலர் ஒருவர் காலையிலேயே தாளில் குறித்து வைத்திருந்த ஒரு கூட்டுத்தொகை. அன்றைக்கு வெளியே போக வேண்டிய பணம் மொத்தம் எவ்வளவு என்பதை அவர் தினமும் வேலையைத் தொடங்கும்போதே எழுதிவிடுவார். அனுப்புவதற்கான கெடு முடிய அரை மணி நேரம் இருக்கும்போது, திரையில் உள்ள கூட்டுத்தொகையை அதனோடு ஒத்துப்பார்ப்பார். அன்று திரையில் இருந்தது ஏறக்குறைய இரண்டு மடங்கு. இரண்டாவது கோப்பை நிறுத்தி வைத்துவிட்டு என்னைத் தொலைபேசியில் அழைத்தார்.

"முதலில் அனுப்பியது போய்ச் சேர்ந்ததா?"

"பதில் வரவில்லை, மேடம். அதனால்தான் நிரல் மறுபடி அனுப்புகிறது."

"பதில் வரவில்லை என்பது எனக்கும் தெரிகிறது. போய்ச் சேர்ந்ததா என்று கேட்கிறேன்."

"தெரியவில்லை."

"தெரியவில்லை என்றால் அங்கேயே நிற்க வேண்டும். இன்னொரு முறை அனுப்பக் கூடாது."

பெரிய நிதி நிறுவனம் ஒன்றில் மென்பொருள் பொறியாளராகச் சேர்ந்து அப்போது நான்கு மாதங்கள் ஆகியிருந்தன. அதற்கு முன் எட்டு ஆண்டுகள் வேறு துறைகளில் நிரல் எழுதியவன் நான். அந்த எட்டு ஆண்டுகளில் எவரும் என்னிடம் இந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. படம் ஏறவில்லையா, மறுபடி ஏற்று. பக்கம் வரவில்லையா, மறுபடி கேள். இரண்டு முறை நடந்தால் யாருக்கும் நட்டமில்லை. அந்தப் பழக்கத்தை அப்படியே பணத்தின் மீது வைத்திருந்தேன். முதல் கோப்பு உண்மையில் போய்ச் சேர்ந்துவிட்டது என்பது அன்றிரவு உறுதியானது. எதிர்ப்பக்கம் நெரிசலில் இருந்ததால் பதில்தான் கெடுவுக்குள் திரும்பவில்லை.

இந்தத் துறைக்கு வர நினைப்பவர்களுக்கும், வந்து முதல் வருடத்தில் திணறுபவர்களுக்கும் நான் சொல்ல விரும்புவது எல்லாம் அந்த ஒரு சொல்லில் அடங்குகிறது. வெற்றி, தோல்வி என்று இரண்டு நிலைகள் மட்டும் இருப்பதாக நினைத்துத்தான் நாம் நிரல் எழுதுகிறோம். மூன்றாவதாக 'தெரியவில்லை' என்று ஒரு நிலை இருக்கிறது. நிதி நிறுவனங்களில் வெளியாளுக்கு மந்தமாகவும் சலிப்பாகவும் தெரிகிற நடைமுறைகளில் பெரும்பாலானவை அந்த மூன்றாவது நிலையைக் குறைப்பதற்காகவும், அது நேரும்போது பத்திரமாகக் கையாள்வதற்காகவும் ஏற்பட்டவை. இதைப் புரிந்துகொள்ள எனக்கு அந்த மாலை தேவைப்பட்டது.

முதலில் அந்தப் பிழையை முழுதாகச் சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் இதே பிழையை அதற்குப் பிறகு வேறு குழுக்களின் நிரல்களில் பல முறை பார்த்துவிட்டேன். ஒவ்வொரு பணம் செலுத்தும் கட்டளைக்கும் நான் ஒரு தனி அடையாள எண் கொடுத்துத்தான் இருந்தேன். ஆனால் அந்த எண்ணை அனுப்பும் கணத்தில் உருவாக்கினேன். மறுமுறை அனுப்பும்போது புதிய எண் பிறந்தது. பெறும் பக்கத்தில் இருந்தவர்களுக்கு அவை இரண்டும் வேறு வேறு கட்டளைகள். அவர்கள் மீது குறை சொல்ல இடமே இல்லை.

அடையாள எண் பிறக்க வேண்டிய இடம், பணம் அனுப்ப வேண்டும் என்ற முடிவு பதிவாகும் இடம். அனுப்பும் முன்பே அது தரவுத்தளத்தில் எழுதப்பட்டிருக்க வேண்டும். நடுவில் சர்வர் நின்று மறுபடி எழுந்தாலும் அதே எண்ணோடுதான் அடுத்த முயற்சி போக வேண்டும். பெறும் பக்கம் அந்த எண்ணை முன்பே பார்த்திருந்தால் புதிதாக எதுவும் செய்யாமல் பழைய பதிலையே திருப்பித் தர வேண்டும். அதே எண்ணில் வேறு தொகை வந்தால் மௌனமாக ஏற்காமல் மறுக்க வேண்டும். இந்தக் கடைசிப் பகுதியைப் பலர் மறந்துவிடுகிறார்கள். முந்தைய கட்டளையைத் திருத்துவதாக நினைத்துக்கொண்டு யாரோ ஒருவர் பழைய எண்ணில் புதிய தொகையை அனுப்புவார். 'ஏற்கெனவே முடிந்தது' என்ற பதில் வரும். திருத்தம் போய்விட்டதாக அவர் நம்பிவிடுவார்.

இந்தத் துறைக்கு இது புதிய சிக்கல் அல்ல என்பதைப் பின்னர் படித்து அறிந்தேன். பங்குச் சந்தை ஆணைகளைக் கொண்டுசெல்லும் ஃபிக்ஸ் நெறிமுறையில் 43 என்ற எண் கொண்ட ஒரு புலம் இருக்கிறது. 'இந்தச் செய்தியை முன்பே உனக்கு அனுப்பியிருக்கக்கூடும்' என்று சொல்வது மட்டுமே அதன் வேலை. 97 என்ற புலம் இன்னும் நுட்பமானது: 'இதே விவரம் வேறொரு வரிசை எண்ணில் உனக்கு வந்திருக்கலாம்' என்கிறது. எல்லை தாண்டிய வங்கிப் பரிமாற்றங்களில் 2018 நவம்பர் முதல் ஒவ்வொரு கட்டளையோடும் 36 எழுத்துகள் கொண்ட ஓர் அடையாளத்தை முதலிலிருந்து கடைசி வங்கிவரை மாறாமல் கொண்டுசெல்ல வேண்டும் என்பதை, வங்கிகளுக்கிடையே செய்திகளைக் கொண்டுசெல்லும் ஸ்விஃப்ட் அமைப்பு கட்டாயமாக்கியது. தெரியாமை நேரும் என்பதை ஏற்றுக்கொண்டு, அதைச் செய்தியின் உள்ளேயே எழுதி வைத்திருக்கிறார்கள். நான் அந்த நெறிமுறை ஆவணங்களை ஓர் அட்டவணைபோல் புரட்டித் தள்ளியிருந்தேன். ஒவ்வொரு புலத்துக்கும் பின்னால் யாரோ ஒருவர் இழந்த பணம் இருக்கிறது என்று நினைத்துப் படித்திருந்தால், அந்த மாலை நேர்ந்திருக்காது.

இப்போது என் தொடக்க வாரங்களுக்கு வருகிறேன். சேர்ந்த முதல் மூன்று வாரங்கள் நான் ஒரு வரிகூட எழுதவில்லை. எழுத முடியவில்லை. நிரல் களஞ்சியத்தைப் பார்க்க ஓர் அனுமதி, சோதனைத் தரவுத்தளத்துக்கு ஓர் அனுமதி, பதிவேடுகளைப் படிக்க இன்னோர் அனுமதி. ஒவ்வொன்றுக்கும் இரண்டு ஒப்புதல்கள். நிரலை எழுதியவரே அதை உற்பத்திச் சூழலில், அதாவது உண்மையான பணம் ஓடும் கணினிகளில், ஏற்ற முடியாது. ஏற்றுபவர் அதைத் திருத்த முடியாது. எனக்கு இது அவநம்பிக்கையாகப் பட்டது.

என்ரான், வேர்ல்டுகாம் ஆகிய நிறுவனங்களின் கணக்கு மோசடிகளுக்குப் பிறகு அமெரிக்காவில் 2002இல் சார்பேன்ஸ்–ஆக்ஸ்லி சட்டம் வந்தது. தங்கள் நிதி அறிக்கை சரியாக இருப்பதற்கான உள்கட்டுப்பாடுகளை நிர்வாகமே மதிப்பிட்டுச் சொல்ல வேண்டும், பெரிய நிறுவனங்களில் தணிக்கையாளரும் அதைச் சோதித்துச் சான்றளிக்க வேண்டும் என்ற நிலை அதிலிருந்து பிறந்தது. நிரலை எழுதுபவரும் ஏற்றுபவரும் ஒருவராக இருக்கக் கூடாது என்ற பிரிப்பு, அந்தக் கட்டுப்பாடுகளில் தணிக்கையாளர்கள் முதலில் தேடும் ஒன்று. நான் நேர்மையானவனா என்பது அங்கே கேள்வியே அல்ல. ஒரு மாற்றம் எப்படி வந்தது, யார் பார்த்தார்கள் என்பதற்கு என் வார்த்தையைத் தவிர வேறு சான்றும் இருக்க வேண்டும் என்பதுதான்.

ஆண்டுதோறும் இரண்டு வாரம் தொடர்ச்சியாக விடுப்பு எடுத்தே ஆக வேண்டும் என்ற விதியும் இதே வகை. முக்கியப் பொறுப்பில் இருப்பவர்களுக்கு எங்கள் நிறுவனத்தில் அந்த இரண்டு வாரமும் கணினி அனுமதிகள் எல்லாம் அணைக்கப்படும். மறைத்து நடத்தும் ஒரு மோசடி, மறைப்பவர் தினமும் வந்து கவனித்தால்தான் நீடிக்கும். அவர் பத்து வேலை நாள் இல்லாவிட்டால் வெளியே தெரிந்துவிடும் என்பது அதன் காரணம். பொறியாளருக்கு இதில் இன்னொரு பயன் இருக்கிறது. நான் இல்லாத முதல் இரண்டு வாரத்தில், என் தலைக்குள் மட்டும் இருந்த எட்டு விஷயங்களை என் குழு கண்டுபிடித்தது. திரும்பி வந்ததும் அவை எட்டையும் எழுதி வைத்தேன்.

அனுமதிகளைப் பொறுத்தவரை ஒரே ஒரு யோசனை. சேர்ந்த அன்றே, உங்கள் பணியில் இருக்கும் ஒருவரிடம் அவருக்குள்ள அனுமதிகளின் முழுப் பட்டியலை வாங்கி, எல்லாவற்றுக்கும் அன்றே விண்ணப்பியுங்கள். தேவைப்படும்போது ஒவ்வொன்றாகக் கேட்டால் காத்திருப்பு ஒன்றன்பின் ஒன்றாக வளரும். காத்திருக்கும் நாட்களில் செயல்பாட்டுப் பிரிவில் போய் உட்காருங்கள். நான் அந்த மூன்று வாரமும் என் இருக்கையிலேயே எரிச்சலோடு உட்கார்ந்திருந்தேன். அதற்கு அடுத்த தளத்தில்தான் அந்தத் தாளும் கூட்டுத்தொகையும் இருந்தன. பங்கு வாங்குவது விற்பது பற்றிய விதிகளையும் முதல் வாரத்திலேயே கேட்டுக்கொள்ளுங்கள். பல நிறுவனங்களில் முன் அனுமதி வேண்டும், அது உங்கள் குடும்பத்தாரின் கணக்குகளுக்கும் பொருந்தலாம்.

அடுத்தது மாற்றங்களை ஏற்றும் முறை. இதில் கொஞ்சம் நிற்க விரும்புகிறேன்.

2012 ஆகஸ்ட் 1 அன்று நைட் கேப்பிட்டல் என்ற அமெரிக்கப் பங்கு வர்த்தக நிறுவனத்தில் நடந்ததை இந்தத் துறைக்கு வரும் ஒவ்வொருவரும் ஒரு முறையாவது முழுதாகப் படிக்க வேண்டும். அமெரிக்கப் பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு ஆணையம் 2013 அக்டோபரில் வெளியிட்ட உத்தரவில் எல்லாம் விவரமாக இருக்கிறது. எட்டு சர்வர்களில் புதிய நிரலை ஏற்ற வேண்டும். ஏழில் ஏற்றினார்கள், எட்டாவது விட்டுப்போனது. அதை இன்னொருவர் சரிபார்க்க வேண்டும் என்ற எழுத்து விதி இல்லை. புதிய நிரல், பல ஆண்டுகளாகப் பயன்பாட்டில் இல்லாத ஒரு பழைய செயல்பாட்டின் கொடியை, அதாவது அதை இயக்கும் குறியை, மறுபயன்பாடு செய்திருந்தது. அந்தப் பழைய செயல்பாடோ நீக்கப்படாமல் உள்ளேயே கிடந்தது. சந்தை திறந்ததும் எட்டாவது சர்வரில் அந்தக் கொடி பழைய நிரலை எழுப்பியது. அது நிறுத்தத் தெரியாமல் ஆணைகளை அனுப்பிக்கொண்டே இருந்தது. ஏறக்குறைய 45 நிமிடங்கள். இழப்பு 46 கோடி டாலருக்கும் மேல்.

அந்த உத்தரவில் என்னை அதிகம் உலுக்கியவை இரண்டு. சந்தை திறக்கும் முன்பே அந்தப் பழைய செயல்பாட்டின் பெயரைச் சொல்லி 97 தானியங்கி மின்னஞ்சல்கள் அலுவலர்களுக்குப் போயிருந்தன. எச்சரிக்கை என்ற வடிவில் அவை அமைக்கப்படாததால் யாரும் அவற்றின் மீது நடவடிக்கை எடுக்கவில்லை. இரண்டாவது, சிக்கலைத் தீர்ப்பதாக நினைத்து, சரியாக இருந்த ஏழு சர்வர்களிலிருந்தும் புதிய நிரலை அகற்றினார்கள். அதனால் பழைய நிரல் அந்த ஏழிலும் விழித்துக்கொண்டது. பழைய நிலைக்குத் திரும்புவது எப்போதும் பாதுகாப்பு என்று நாம் கண்ணை மூடிக்கொண்டு நம்புகிறோம். எந்தப் பழைய நிலை, அங்கே என்ன தூங்கிக்கொண்டிருக்கிறது என்று தெரியாமல் திரும்புவதும் ஒரு மாற்றம்தான்.

அதைப் படித்த பிறகு என் வேலைமுறை மாறியது. மாற்ற விண்ணப்பம் எழுதும்போது, திரும்பும் வழியை முதலில் எழுதுகிறேன். மாற்றத்தைப் பிறகுதான் விவரிக்கிறேன். திரும்பும் வழியில் 'முந்தைய பதிப்பை ஏற்றவும்' என்று ஒரு வரியோடு நிறுத்துவதில்லை. புதிய நிரல் ஏற்கெனவே எழுதிவிட்ட தரவைப் பழைய நிரல் படிக்குமா? நடுவழியில் இருக்கும் செய்திகள் என்ன ஆகும்? இந்த இரண்டு கேள்விகளுக்கும் பதில் எழுத முடியாத மாற்றத்தை நான் சிறிதாக உடைத்துவிடுகிறேன். ஏற்றியபின் ஒவ்வொரு சர்வரிலும் எந்தப் பதிப்பு ஓடுகிறது என்பதைக் கருவியே பட்டியலிட்டுக் காட்ட வேண்டும். மனிதரின் நினைவை நம்பக் கூடாது. பயன்படாத நிரலை நீக்குவதைத் தனி வேலையாகக் கேட்டு வாங்குகிறேன். முன்பெல்லாம் 'ஓடுவதைத் தொடாதே' என்று மறுத்தவர்களிடம் அந்த எட்டாவது சர்வரின் கதையைச் சொன்னால், இப்போது பெரும்பாலும் நேரம் தருகிறார்கள்.

ஆண்டிறுதியிலும் காலாண்டு முடிவிலும் மாற்றங்கள் முடக்கப்படும். இதை முன்கூட்டியே நாட்காட்டியில் குறித்து, அதற்கு மூன்று வாரம் முன்பே உங்கள் வேலையை முடித்துவிடுங்கள். கடைசி வாரத்தில் எல்லோரும் ஒன்றாக ஏற்றப் பார்க்கிறார்கள். என் அனுபவத்தில் ஆண்டின் மிக மோசமான மாற்றங்கள் அந்த வாரத்தில்தான் நடக்கின்றன.

பழைய அமைப்புகளைப் பற்றி இளைய பொறியாளர்கள் கேட்கும் கேள்வி நியாயமானது: 1959இல் வடிவமைக்கத் தொடங்கிய கோபால் (COBOL) என்ற நிரல் மொழியில் எழுதிய நிரல் இன்னும் ஏன் ஓடுகிறது? ஐபிஎம் 1964இல் அறிவித்த சிஸ்டம்/360 கணினிக்கு எழுதிய நிரல்கள் அதன் இன்றைய வாரிசுகளிலும் ஓடும் வகையில் அந்த நிறுவனம் இணக்கத்தைக் காத்துவந்திருக்கிறது என்பது ஒரு காரணம். மாற்றுவதன் ஆபத்து இன்னொரு காரணம். பிரிட்டனின் டிஎஸ்பி வங்கி 2018 ஏப்ரலில் புதிய அமைப்புக்கு மாறியது. வாடிக்கையாளர் தரவு பத்திரமாகவே இடம் மாறியது. ஆனால் புதிய தளம் உடனே தடுமாறியது. 19 லட்சம் பேர்வரை தங்கள் கணக்குகளைத் திறக்க முடியாமல் தவித்தார்கள். 2022 டிசம்பரில் கட்டுப்பாட்டு அமைப்புகள் அந்த வங்கிக்கு 4.865 கோடி பவுண்டு அபராதம் விதித்தன. பழைய நிரலைப் பழிக்கும் முன், அது நாற்பது ஆண்டுகளில் எத்தனை விதிவிலக்குகளைத் தன்னுள் சேர்த்திருக்கிறது என்று பாருங்கள். அந்த விதிவிலக்குகள் வேறு எங்கும் எழுதப்பட்டிருக்காது. நான் கோபால் எழுதக் கற்கவில்லை, படிக்கக் கற்றுக்கொண்டேன். அதற்கு இரண்டு மாதம் போதுமாக இருந்தது. இதுவரை நான் கற்றவற்றில் அதிகம் பலன் கொடுத்தது அதுதான்.

எண்களைப் பற்றிச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது. பல மொழிகளில் 0.1உடன் 0.2ஐக் கூட்டினால் 0.30000000000000004 என்று வருவதை எல்லோரும் கல்லூரியில் பார்த்திருப்போம். இரும எண்முறையில் 0.1ஐத் துல்லியமாக எழுத முடியாது என்பதே காரணம். ஆகவே பணத்தைத் தசம வகையில் அல்லது மிகச் சிறிய அலகின் முழு எண்ணாக வைக்க வேண்டும். இது பாதிப் பாடம்தான். மிகச் சிறிய அலகு எல்லா நாணயங்களுக்கும் நூற்றில் ஒன்று அல்ல. ஜப்பானிய யென்னுக்குத் தசம இடமே இல்லை. குவைத் தினாருக்கு மூன்று. தொகையை நாணயக் குறியீடு இல்லாமல் தனியே வைக்கும் எந்த நிரலும் ஒரு நாள் ஏமாற்றும்.

முழுமைப்படுத்தல், அதாவது நீளமான தசமத்தை அருகிலுள்ள எண்ணாகச் சுருக்குவது, அதைவிடக் கொடியது. வான்கூவர் பங்குச் சந்தை 1982இல் தன் குறியீட்டு எண்ணை 1000 புள்ளிகளில் தொடங்கியது. ஒவ்வொரு பரிவர்த்தனைக்குப் பிறகும் மூன்று தசம இடங்களுக்கு அப்பால் உள்ளதை முழுமைப்படுத்தாமல் வெட்டிவிட்டார்கள். ஒரு முறை வெட்டும்போது போவது கண்ணுக்கே தெரியாத துகள். 1983 நவம்பரில் குறியீடு சுமார் 524 புள்ளிகளில் நின்றது. சரியாகக் கணக்கிட்டபோது அது 1098க்கும் மேல் இருக்க வேண்டும் என்று தெரிந்தது. சந்தை விழவில்லை, வெட்டிய துகள்கள் சேர்ந்து பாதியை விழுங்கியிருந்தன. நூறு அலகை மூன்று பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு 33.33, மீதி 0.01 யாருக்கு? இந்தக் கேள்விக்கு உங்கள் நிரலில் வெளிப்படையான பதில் இருக்கட்டும். அந்தப் பதிலை நீங்களாக முடிவு செய்யாமல் கணக்குப் பிரிவிடம் கேட்டு எழுத்தில் வாங்குங்கள்.

விலை எப்போதும் நேர்மறையாக இருக்கும் என்றும் எழுதிவிடாதீர்கள். 2020 ஏப்ரல் 20 அன்று அமெரிக்கக் கச்சா எண்ணெயின் மே மாத ஒப்பந்தம் பீப்பாய்க்கு மைனஸ் 37.63 டாலரில் முடிந்தது. எண்ணெயை வைத்திருந்தவர் அதை எடுத்துக்கொள்பவருக்குப் பணம் கொடுக்க வேண்டிய நிலை. 'விலை பூஜ்யத்தைவிடப் பெரிதாக இருக்க வேண்டும்' என்று எழுதிய சரிபார்ப்பு வரிகள் எத்தனை நிரல்களில் இருந்திருக்கும்! நான் எழுதிய வரி ஒன்றும் எங்கள் சோதனைச் சூழலில் இருந்தது. அது உற்பத்திக்குப் போகும் முன் நீக்க முடிந்தது.

நாள் என்பதும் ஒன்றல்ல. வர்த்தகம் நடந்த நாள், பணம் கைமாறும் நாள், கணக்கில் எழுதிய நாள் ஆகிய மூன்றும் வேறு வேறு. அமெரிக்கப் பங்குகளில் பணம் கைமாறுவது 2024 மே 28 முதல் இரண்டு வேலை நாளிலிருந்து ஒரு வேலை நாளாகக் குறைந்தது. எண் ஒன்றை மாற்றும் வேலைபோலத் தெரிந்த அது, இரவு நேரப் பணிகளின் வரிசையையே பல நிறுவனங்களில் மாற்றி அடுக்க வைத்தது. தவறாக எழுதிய பதிவை அழிக்கவும் கூடாது, மேலெழுதவும் கூடாது. எதிர்ப்பதிவு போட்டு, பிறகு சரியான பதிவைப் போட வேண்டும். லூக்கா பாச்சியோலி 1494இல் அச்சிட்ட நூலில் விளக்கிய இரட்டைப் பதிவு முறையின் வழியில்தான் நாம் இன்றும் நடக்கிறோம். 'சென்ற வியாழக்கிழமை இந்தக் கணக்கில் எவ்வளவு இருந்ததாக நாம் நினைத்துக்கொண்டிருந்தோம்?' என்று தணிக்கையாளர் கேட்பார். உண்மையில் எவ்வளவு இருந்தது என்பது வேறு கேள்வி. இரண்டுக்கும் பதில் தரும்படி அட்டவணையை அமைத்தவர்கள் தணிக்கைக் காலத்தில் நிம்மதியாகத் தூங்குவதைப் பார்த்திருக்கிறேன்.

கூட்டங்களைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை, அவை இருக்கும்.

ஆனால் திறமை துருப்பிடிப்பது பற்றிச் சொல்ல வேண்டும். பெரிய நிதி நிறுவனங்களில் உள்ளுக்குள் உருவாக்கிய கருவிகள் ஏராளம். ஐந்து ஆண்டுகள் அவற்றிலேயே மூழ்கினால் வெளியே பெயர் தெரியாத கருவிகளின் வல்லுநராக நின்றுவிடுவீர்கள். நான் கடைப்பிடித்தது இது: உள்ளே பயன்படுத்தும் ஒவ்வொரு கருவியும் எந்தப் பொதுவான கருத்தின் உள்ளூர் வடிவம் என்று ஒரு குறிப்பேட்டில் எழுதிவைப்பேன். செய்தி வரிசையா, பணி அட்டவணையா, பூட்டுதலா என்று. அந்தக் கருத்தை வெளியே எல்லோரும் பயன்படுத்தும் கருவியில் ஒரு முறையாவது சொந்தமாக அமைத்துப் பார்ப்பேன். துறையறிவு மறுபக்கம். ஒரு பணம் செலுத்தும் கட்டளை தொடங்கி முடியும்வரை எந்தெந்த அமைப்புகளைத் தொடுகிறது என்பதைப் படமாக வரையத் தெரிந்த பொறியாளர் எங்கள் தளத்தில் மிகச் சிலர். ஆளைத் தேடும்போது முதலில் அவர்களைத்தான் தேடுகிறார்கள்.

அந்த மாதக்கடைசிக்குப் பிறகு நடந்ததையும் சொல்ல வேண்டும். யாரும் என்னைத் திட்டவில்லை. மறுநாள் காலை, என்ன நடந்தது என்று நேர வரிசைப்படி எழுதித் தரச் சொன்னார்கள். எழுதும்போது, 'நெட்வொர்க் மெதுவாக இருந்தது' என்று தொடங்கினேன். என் மேலாளர் அந்த வரியைச் சுற்றி வட்டமிட்டு, "இது எப்போதும் நடக்கும். இது நடந்தபோது நம் நிரல் எதை உண்மை என்று எடுத்துக்கொண்டது என்று எழுதுங்கள்" என்றார். இரண்டாம் முறை எழுதியது பாதி நீளம்தான் இருந்தது. அதில் காரணம் தெளிவாக இருந்தது.

ஆறு மாதம் கழித்துத் தணிக்கையாளர் வந்தார். சரிசெய்துவிட்டோம் என்பதற்குச் சான்று கேட்டார். சரிசெய்த நிரல் மாற்றத்தில் டிக்கெட் எண், அதாவது அந்த வேலைக்கான கோரிக்கைப் பதிவின் எண், இருந்தது. டிக்கெட்டில் சோதனை முடிவுகளும் ஒப்புதலும் இருந்தன. ஏற்றிய நாளின் பதிப்புப் பட்டியலும் இருந்தது. பத்து நிமிடத்தில் வேலை முடிந்தது. பக்கத்து இருக்கைக்காரர் வேறொரு மாற்றத்துக்கான சான்றுகளைப் பழைய மின்னஞ்சல்களில் மூன்று நாள் தேடினார். சான்றை வேலை நடக்கும்போதே எடுத்து வையுங்கள். பிறகு தேடினால் கிடைக்காது, கிடைத்தாலும் நம்பமாட்டார்கள்.

அந்த மூத்த அலுவலரிடம் பின்னர் நேரில் போய் நன்றி சொன்னேன். உங்களுக்காக ஏதாவது செய்ய முடியுமா என்றும் கேட்டேன். அவர் தன் திரையைக் காட்டினார். அதில் 'முடிந்தது', 'தோல்வி' என இரண்டு கட்டங்கள் இருந்தன. பதில் வராதவை எல்லாம் தோல்வியில்தான் விழுந்துகொண்டிருந்தன.

"இங்கே இன்னொரு கட்டம் வேண்டும்" என்றார். "எவை நமக்குத் தெரியவில்லையோ அவை அங்கே நிற்கட்டும். நான் ஒவ்வொன்றாக வங்கியிடம் கேட்டுக்கொள்கிறேன்."

கட்டத்தை வைக்க ஒரு நாள் ஆனது. அதற்கு ஒப்புதல் வாங்க இரண்டு வாரம். பிறகு, கேட்பதையும் நிரலே செய்யும்படி அமைத்தோம். அனுப்பிய கட்டளையின் நிலை என்ன என்று எதிர்ப்பக்கத்தை விசாரிக்கும், மறுநாள் வரும் வங்கி அறிக்கையோடு ஒத்துப்பார்க்கும், இரண்டிலும் விடை கிடைக்காததை மட்டும் மனிதர் பார்வைக்கு விட்டுவைக்கும். அவர் ஓய்வு பெற்று இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. அவருடைய இருக்கையில் இப்போது இருப்பவரும் காலையில் ஒரு தாளில் கூட்டுத்தொகையை எழுதுகிறார். மாதக்கடைசி மாலைகளில் நான் அந்தத் தளத்துக்கு இறங்கிப் போய், அந்த மூன்றாவது கட்டத்தில் உள்ள எண் பூஜ்யத்துக்கு வரும்வரை அவர் பக்கத்தில் நிற்கிறேன்.